தூரத்துத் திட்டுக்குப் போகாத நாள்

என் அக்கா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. இந்தச் சிறு புத்தகத்தைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய தங்கையின் வணக்கம். அக்காவைப் பற்றி எழுத என்னை விட்டால் வேறு யாரும் இல்லை. அவருக்குப் பிள்ளைகள் இல்லை. அவருடைய கணவரான மாமா முன்பே போய்விட்டார். அக்காவை எட்டு மாதம் படுக்கையில் வைத்துப் பார்த்த களைப்பு இன்னும் என் உடம்பை விட்டு நீங்கவில்லை. எழுத உட்கார்ந்து மூன்று முறை எழுந்துவிட்டேன். சொல்லில் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

அக்கா பிறந்தது பழவேற்காடு ஏரிக்கரையில். எங்கள் தகப்பனார் ஏரியில் சிறு தோணி விட்டு மடவை மீனும் இறாலும் பிடித்தவர். ஆண் பிள்ளை இல்லாததால் ஏழு வயதிலேயே அக்காவைத் தோணியில் ஏற்றிக்கொண்டார். அவர் வலை வீச, அக்கா துடுப்புப் போடுவார். தண்ணீர் வற்றும் நேரத்தில் இருவரும் இறங்கி மட்டி எடுப்பார்கள். மட்டி சேற்றுக்குள் புதைந்து கிடக்கும் சிப்பி. கண்ணுக்குத் தெரியாது. பாதத்தால் துழாவிக் கண்டுபிடித்து, கால் விரலால் கிளப்பி, குனிந்து எடுக்க வேண்டும். அக்காவின் பாதங்களில் அந்த வயதில் விழுந்த கீறல்கள் கடைசி வரை மறையவில்லை.

அக்காவுக்குப் பதினொரு வயதாகும்போது நான் பிறந்தேன். என்னைப் பெற்ற மூன்றாம் நாள் தாயார் காலமானார். அதன் பிறகு எனக்குத் தாய் யார் என்று யாரும் கேட்டதில்லை, எனக்கும் கேட்கத் தோன்றியதில்லை. அக்காவுக்கு இருபது வயது ஆனபோது தகப்பனாரும் காய்ச்சலில் போனார். அந்த ஆண்டே, கல்கத்தாவில் கப்பல் பழுது பார்க்கும் பட்டறை ஒன்றில் வேலையாயிருந்த மாமா ஊருக்கு வந்து அக்காவை மணந்தார். "தங்கச்சிய வுட்டுட்டு வர மாட்டேன்" என்று அக்கா சொன்னாராம். "உன்னை மட்டும் யாரு கூப்ட்டா? ரெண்டு பேரும் வாங்க" என்று மாமா சொன்னாராம். இதை மாமா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். நாங்கள் மூவரும் ஹவுராவில் ரயிலை விட்டு இறங்கியபோது எனக்கு ஒன்பது வயது.

பட்டறை இருந்த கார்டன் ரீச்சில் மூன்று ஆண்டுகள் நன்றாகத்தான் போயின. பிறகு பட்டறையில் இரும்புத் தகடு ஒன்று சரிந்து மாமாவின் வலக்கை நசுங்கியது. கையை எடுக்கவில்லை, ஆனால் அந்தக் கையால் ஒரு டம்ளரைக்கூட அவரால் பிடிக்க முடியாமல் போயிற்று. வாடகை குறைவான இடம் தேடி, நகரத்தின் கிழக்கு ஓரத்தில், பேலியாகாட்டா கால்வாய்க் கரையில் ஒரு சந்துக்கு வந்து சேர்ந்தோம்.

அந்தக் கால்வாய் வழியே கிழக்கே போனால் உப்பு ஏரி. வித்யாதரி நதி வழியாகக் கடல் தண்ணீர் ஏறி இறங்கும் பெரிய ஏரி அது. குடி வந்த மறுநாள் அக்கா என்னையும் அழைத்துக்கொண்டு கால்வாய்க் கரையோடே நடந்து அங்கே போனார். கரையில் குந்தி, ஒரு கை தண்ணீரை அள்ளி நாக்கில் வைத்தார்.

"உப்பு கரிக்குது. அப்ப மட்டி இருக்கும்" என்றார். அன்றிலிருந்து இருபது ஆண்டுக்கு மேல் அந்த ஏரிதான் எங்கள் வீட்டுக்குச் சோறு போட்டது.

அங்கே பனையின் அடிமரத்தைக் குடைந்து ஒற்றை ஆள் உட்காரும் படகு செய்கிறார்கள். டோங்கா என்று அதற்குப் பெயர். கொஞ்சம் சாய்ந்து தும்மினாலும் கவிழ்ந்துவிடும். பழவேற்காட்டுத் தோணியில் பழகிய அக்காவே முதல் வாரத்தில் நான்கு முறை தண்ணீரில் விழுந்து எழுந்தார். பிறகு அது அவர் உடம்போடு ஒட்டிக்கொண்டது. விடிந்ததும் புறப்படுவார். தூண்டில் கயிற்றை இடது கால் கட்டைவிரலில் சுற்றிக்கொண்டு, இரண்டு கையாலும் துடுப்புப் போடுவார். கயிறு சுண்டினால் துடுப்பை மடியில் வைத்துவிட்டு மீனை இழுப்பார். பேட்கியும் பார்ஷேயும் கிடைக்கும். பேட்கி நம் கொடுவாய்தான், பார்ஷே நம் மடவைக்கு உறவு. திட்டு வந்ததும் டோங்காவைக் கழியில் கட்டிவிட்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி மட்டி எடுப்பார். தின்னும் மட்டி ஒரு கூடையில், சுண்ணாம்புக் காளவாய்க்குப் போகும் வெறும் ஓடு வேறு கூடையில். பொழுது சாயும்போது திரும்பி வந்து, கால்களை நீட்டிச் சுவரில் சாய்ந்துகொண்டு, "சித்த நேரம் எதுவும் கேக்காதீங்க" என்பார். நாங்களும் கேட்க மாட்டோம். அந்தக் கால்களில் நான் விளக்கெண்ணெய் தேய்ப்பேன். மாமா ஒற்றைக் கையால் அடுப்பை மூட்டுவார். என்னை மிஷன் பள்ளியில் சேர்த்துப் படிக்க வைத்ததும் அந்தக் கால்கள்தான்.

எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். அங்கே ஒரு வங்காளிக் குடும்பம். டிராம் பட்டறையில் ஃபிட்டராக இருந்தவரை நாங்கள் அண்ணன் என்ற பொருளில் தாதா என்று கூப்பிட்டோம். அவர் மனைவியை, அந்த ஊர் முறைப்படி, பௌதி என்போம். அண்ணி என்பதற்கு அவர்கள் சொல்லும் சொல் அது. அக்காவைவிட இரண்டு மூன்று வயது இளையவர், ஆனாலும் அக்காவுக்கும் அவர் பௌதிதான். அவர்கள் அக்காவைத் தீதி, அதாவது அக்கா, என்பார்கள். பின்னால் பிறந்த ஒரே மகன், நான் சொல்லப்போகும் நாளில் கைக்குழந்தை. தாதா சாப்பாட்டுப் பிரியர். அக்கா கொண்டு வரும் மட்டியைக் கடுகெண்ணெயில் சமைத்துச் சாப்பிட்டுவிட்டு, சுவருக்கு இந்தப் பக்கம் கேட்கிற மாதிரி, "தீதி, உன் கையை வெள்ளியில் பண்ணி வைக்கணும்" என்று கத்துவார். அக்கா சிரித்த நாட்களில் பாதி அவர் சிரிக்க வைத்தவை.

இனி எழுத வேண்டியதை நான் எழுதியாக வேண்டும்.

கடல் தண்ணீர் வந்து போகும் தூரத்துத் திட்டு, கால்வாய் வாயிலிருந்து இரண்டு மணி நேரத் துடுப்பு. அங்கே மட்டி சிறியது, ஆனால் சுத்தமானது. போகும் வழியிலேயே, நகரத்துக் கழிவுநீர் ஏரியில் கலக்கும் இடத்தில், மட்டி கொழுத்துக் குவிந்து கிடக்கும். ஏரியில் தொழில் செய்கிறவர்கள் அங்கே ஓடு மட்டும்தான் எடுப்பார்கள், தின்ன எடுக்க மாட்டார்கள். அக்காவும் எட்டு ஆண்டுகள் அப்படித்தான் இருந்தார்.

ஒரு மழைக்காலம். மாமாவுக்கு மூன்று நாளாகக் கடுமையான காய்ச்சல். அக்கா அந்த மூன்று நாளும் சரியாகத் தூங்கவில்லை. நான்காம் நாள் காலை ஓடு எடுக்கப் புறப்பட்டபோது தாதா வாசலில் நின்று, "தீதி, நாலு நாளா மட்டி கேட்கிறேன். இன்னிக்கும் மறந்துடாதே" என்றார். "இன்னிக்குக் கட்டாயம் கொண்டாரேன் தாதா" என்று அக்கா சொன்னார். கழிவுநீர் வாயில் ஓடு எடுத்து முடித்தபோது மழை பிடித்துக்கொண்டது. தூரத்துத் திட்டுக்குப் போக இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் துடுப்புப் போட வேண்டும். அக்காவின் தோள் எழவில்லை. சற்று நேரம் மழையில் அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு டோங்கா நின்ற இடத்திலேயே இறங்கி, தின்னும் கூடையில் அரைக் கூடை மட்டி எடுத்துப் போட்டுக்கொண்டு திரும்பிவிட்டார். இவ்வளவும் அக்கா தாமே பின்னால் சொன்னது.

அன்று மாமாவுக்காக எங்கள் வீட்டில் கஞ்சி. மட்டி முழுவதும் பக்கத்து வீட்டுக்குப் போயிற்று. பௌதிக்கு அன்று விரதம், குழந்தைக்குப் பால். சாப்பிட்டது தாதா ஒருவர்தான்.

மறுநாள் நண்பகலில் அவருக்கு வாந்திபேதி கண்டது. டாக்டர் வந்தார். உப்புத் தண்ணீர் ஏற்றினார்கள். அடுத்த நாள் பிற்பகல் அவர் இறந்துபோனார். அப்போது நகரத்தில் அங்கங்கே வாந்திபேதி இருந்தது. குளத்துத் தண்ணீர் என்றார்கள், கடைப் பலகாரம் என்றார்கள். அக்காவின் கூடையை யாரும் நினைக்கவில்லை.

நான்கு நாள் அக்கா ஒரு வாய் சோறு உண்ணவில்லை. ஐந்தாம் நாள் காலை மாமாவிடமும் என்னிடமும் நடந்ததைச் சொன்னார். "நான் போய் சொல்லிடறேன்" என்றார்.

மாமா பதறிப்போனார். "சொல்லி இன்னா ஆவப்போவுது? போன உயிரு வந்துடுமா? இந்தச் சந்துல நம்மள இருக்க வுட மாட்டாங்க. உன் தங்கச்சிய நெனச்சுப் பாரு."

"நெனச்சுட்டேன். இவ எதிர்ல நான் முழிச்சு முழிச்சு நிக்கணுமா, சாவற வரைக்கும்?"

அக்கா எழுந்து போனார். நானும் பின்னால் போனேன். பௌதி வெள்ளைப் புடவையில் தரையில் உட்கார்ந்திருந்தார். சங்கு வளையலை உடைத்த கை வெறுமையாக இருந்தது. அவருக்கு அப்போது இருபத்தெட்டு இருக்கும். அக்கா எதிரில் மண்டியிட்டு, தமக்குத் தெரிந்த வங்காளத்தில், எந்த இடத்தில் எடுத்தது, ஏன் எடுத்தது என்று ஒன்று விடாமல் சொன்னார். "எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் எடுத்தேன். அசதியில எடுத்தேன்" என்றார். பௌதி அக்காவைப் பார்க்கவேயில்லை. தரையைப் பார்த்தபடியே, "நீ போ தீதி" என்றார். அவ்வளவுதான்.

மாமா சொன்னபடியே ஆயிற்று. அக்காவே சொன்னது சந்து முழுவதும் பரவியது. குழாயடியில் பெண்கள் எங்கள் குடம் படாமல் தங்கள் குடத்தை நகர்த்தினார்கள். ஓராண்டுக்கு மேல் அக்காவிடம் மீனோ மட்டியோ யாரும் வாங்கவில்லை. காளவாய்க்கு ஓடு எடுத்துக் கொடுத்தே காலம் ஓடியது. வேறு இடம் போகலாம் என்று நான் அழுதேன். "போனா ஓடிப் போன மாதிரி ஆவும்" என்றார் அக்கா. அந்த நாளிலிருந்து அவர் மீனோ மட்டியோ வாயில் வைக்கவில்லை. ஏரிக்கரையில் பிறந்து வளர்ந்தவர். நான் ஏன் என்று கேட்டபோது சொன்னார்: "அவங்க வழக்கத்துல புருஷன் போனவ மீனு துன்னக் கூடாது. அவளுக்கு மீனுன்னா உயிரு. நான் மட்டும் துன்னுவேனா?"

என்னை நர்ஸ் வேலைக்குப் படிக்க அனுப்பியதும் அந்த ஆண்டுதான். "அந்த ஆளு கெடந்து துடிக்கிறப்ப எனக்கு ஒரு கை வைக்கத் தெரியல. நீயாவது கத்துக்க" என்றார். இன்று இந்த நகரத்தில் பத்து வீட்டுக்காரர்கள் என்னைத் தெரிந்து வைத்திருக்கிறார்கள் என்றால் அதற்கு அதுவே காரணம்.

ஏழு ஆண்டுகள் பௌதி எங்களோடு பேசவில்லை. ஒரே சுவர், அந்தப் பக்கம் அவர் இருமினால் இந்தப் பக்கம் கேட்கும். பிறர் வீட்டில் சமையல் செய்து மகனை வளர்த்தார். அக்கா தூரத்துத் திட்டுக்குப் போய்த் திரும்புவதை நிறுத்தவில்லை. மழையோ வெயிலோ, ஒரு நாளும் தின்னும் மட்டியை அருகில் எடுக்கவில்லை. காலை நீட்டி உட்காரும் நேரம் மட்டும் ஆண்டுக்கு ஆண்டு நீண்டுகொண்டே போனது.

மாமா மார்ச்சளியில் காலமான மூன்றாம் நாள், கதவைத் தட்டாமல் பௌதி உள்ளே வந்தார். கையில் ஒரு கிண்ணம். பச்சரிசிச் சாதமும் வாழைக்காயும் நெய்யும் போட்டு வேகவைத்த, விதவைகள் உண்ணும் சாப்பாடு. அக்காவின் முன்னால் வைத்து, "சாப்பிடு" என்றார். அக்கா சாப்பிட்டார். மறுநாளும் வந்தார். பிறகு இருவரும் ஒரே அடுப்பில் சமைத்துக்கொள்ளத் தொடங்கினார்கள். புடலங்காய் விலை, பையன் பள்ளிக்கூடம், மழை எல்லாம் பேசுவார்கள். அந்த நாளைப் பற்றி மட்டும் இரண்டு பேரும் வாய் திறந்ததில்லை.

வித்யாதரி தூர்ந்து கடல் தண்ணீர் ஏறுவது குறையத் தொடங்கிய காலத்தில் அக்காவின் முழங்கால்களும் ஓய்ந்துவிட்டன. டோங்காவை ஒருவருக்குக் கொடுத்துவிட்டு வீட்டோடு இருந்தார். ஓய்வு என்று அதைச் சொல்ல முடியாது. கால் வீங்கியது, மூச்சு வாங்கியது. கடைசி எட்டு மாதம் கட்டிலை விட்டு எழவில்லை. நான் பகலில் வேலைக்குப் போய்வருவேன், பௌதி கூட இருப்பார். சில நாள் வீட்டு வாசலை மிதிக்கும்போதே இது சீக்கிரம் முடிந்தால் தேவலை என்று நினைத்திருக்கிறேன். அதையும் இங்கே சொல்லி வைக்கிறேன்.

ஒரு பிற்பகல் நான் வீட்டில் இருந்தேன். பௌதி வழக்கம்போல அக்காவுக்கு ஊட்டக் கிண்ணத்தோடு வந்தவர், அதைக் கீழே வைத்துவிட்டார்.

"தீதி, நான் ஒண்ணு சொல்லணும். இத்தனை வருஷமாச் சொல்லாம வெச்சிருக்கேன்."

அக்கா கண்ணைத் திறந்தார்.

"அன்னிக்கு விறகு ஈரம். எனக்கு விரதம். ஊதி ஊதித் தலை சுத்திடுச்சு. சட்டியில ஒரு கொதி வந்ததும் இறக்கிட்டேன். பாதி மட்டி வாயே திறக்கல. அவர், 'இது வேகலையே'ன்னார். 'பசிச்சா சாப்பிடுங்க, இல்லேன்னா விடுங்க'ன்னு எரிஞ்சு விழுந்தேன். பேசாம சாப்பிட்டார்." "நீ வந்து சொன்னப்பவே நானும் சொல்லியிருக்கணும். ஊரே உன்னைத் தூத்திச்சு. நான் கேட்டுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்."

அக்காவுக்கு மூச்சு வாங்கியது. பிறகு கேட்டார்: "எத்தினி மணியிலேர்ந்து பட்டினி நீ, அன்னிக்கு?"

"விடியறதுக்கு முன்னாலேர்ந்து."

"சுவத்தத் தட்டி ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே வேகவெச்சுக் குடுத்திருப்பேனே." கிண்ணத்தைக் காட்டி, "சரி, ஊட்டு. ஆறிப்போவுது" என்றார். பௌதி அழுதுகொண்டே ஊட்டினார்.

எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. குழாயடியில் நகர்த்திய குடங்கள், வாங்க ஆளில்லாமல் திரும்பி வந்த கூடைகள், மாமாவின் முகம் எல்லாம் ஒன்றாக வந்து நின்றன. மூன்று நாள் பௌதியோடு நான் பேசவில்லை. அக்கா கவனித்துவிட்டார்.

"இன்னாடி, மூஞ்சத் தூக்கி வெச்சுக்கினு கீற?"

"இத்தனை வருஷம் உன்னை மட்டும் பழி சுமக்க விட்டாங்களே."

"நல்லா வேகவெச்சிருந்தா அவ்ளோ சீக்கிரம் ஆள அடிச்சிருக்காதுன்னு எனக்கு அப்பவே தோணிச்சு. ஏரியில பொறந்தவளுக்கு இது தெரியாதா?"

"பின்னே ஏன் கேட்கலை?"

"யாரைக் கேக்கச் சொல்ற? தாலி அறுத்துட்டு உக்காந்திருக்கறவகிட்ட போயி, நீ சரியா வேகவெச்சியான்னு கேக்கச் சொல்றியா? அந்த மட்டிய எடுத்தவ நானு. போடி, போயி அவகூட பேசு."

போய்ப் பேசினேன். "சாயங்காலம் என்ன சமைக்கலாம் பௌதி?" என்று மட்டும் கேட்டேன்.

அதன் பிறகு அக்கா ஒன்பது நாள் இருந்தார். வலி இருந்தது, புலம்பவில்லை. கடைசி நாள் காலை பௌதியின் கையால் இரண்டு வாய் பால் குடித்தார். நான் நாடி பிடித்துக்கொண்டிருந்தபோதே அது நின்றது. கொள்ளி வைக்க உறவில் ஆண்மகன் யாரும் பக்கத்தில் இல்லையே என்று நான் திகைத்து நின்றேன். பௌதி தம் மகனைக் கூப்பிட்டு, "போ, மாஷிக்கு நீ செய்" என்றார். தாயின் தமக்கையை மாஷி என்பார்கள். கைக்குழந்தையாய் இருந்தபோதே தகப்பனை இழந்த பிள்ளை, மறுபேச்சில்லாமல் குளித்துவிட்டு வந்து ஈரத் துணியோடு நின்றார்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். வேளை பார்க்காமல் வந்த டாக்டருக்கும், பாடை சுமந்த கால்வாய்ப் படகுக்காரர்களுக்கும், காளிகாட்டிலிருந்து ஈமக்கடன் பொருள்களை வாங்கி வந்து கொடுத்த தமிழ் அன்பர்களுக்கும், இந்தப் புத்தகத்தைச் சென்னையில் அச்சிட ஏற்பாடு செய்த பாங்கு உத்தியோகஸ்தர் குடும்பத்தாருக்கும், பழவேற்காட்டிலிருந்து ரயிலேறி வந்து பதினாறாம் நாள் வரை கூட இருந்த உறவினர்களுக்கும் என் வணக்கம்.

பௌதிக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அச்சுக்கு அனுப்பும் முன் இந்தக் கட்டுரையை வங்காளத்தில் அவருக்குப் படித்துச் சொன்னேன். முதல் முறை எழுதியபோது ஈர விறகையும், வேகாத மட்டியையும், அவர் தாதாவிடம் எரிந்து விழுந்ததையும் நான் எழுதவில்லை. அக்கா அருகில் எடுத்ததை மட்டும் எழுதியிருந்தேன். பௌதி முழுவதையும் கேட்டார். புடவைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"என் பங்கை எங்கே காணோம்?" என்று கேட்டார்.

வேண்டாமே என்றுதான் விட்டேன் என்றேன்.

"எழுது. தீதி பெயருக்குப் பக்கத்தில் அது இருக்கட்டும்" என்றார்.

எழுதிவிட்டேன்.